போன வருடத் தாள்

மதிய வெயில் ஜன்னல் கம்பிகளைக் கோடு கோடாகத் தரையில் போட்டிருந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்தபடி பரீட்சை நடத்திக்கொண்டிருந்தார்.

அரசு வேலைக்கான தேர்வு. வீட்டின் முதல் பட்டதாரி தரையில் உட்கார்ந்து பழைய கேள்வித்தாளை எழுதிப் பழகுகிறாள்.

அப்பாவுக்கு எழுத்து தெரியாது. சுமந்த மூட்டைகளில் பார்த்துப் பழகிய எண்கள் மட்டும் தெரியும். ஆனாலும் கெடுபிடிக்குக் குறைச்சலில்லை. அவள் எழுதி முடிக்கும்வரை பாத்திரம் உருளக் கூடாது, அம்மா தும்மக் கூடாது.

எந்த வருடத் தாள் என்பதும் அவர் முடிவுதான். இன்று, கட்டின் அடியில் அவள் செருகி வைத்திருந்ததை உருவினார். போன வருடத்தது. வேறு கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தாள். மசியவில்லை.

எழுத ஆரம்பித்ததும் அறை நழுவிப் போனது.

ஓட்டைத் தொட்டி ஒன்று நிரம்பிக்கொண்டே ஒழுகியது. கேள்வித்தாள் தயாரிக்கிறவர்களுக்கு அதை அடைக்கத் தோன்றாது. அவர்கள் வீட்டில் அதற்கு ஆள் இருக்கும்.

எதிரெதிரே வந்த இரண்டு ரயில்கள் அவள் தலைக்கு மேல் சத்தமில்லாமல் கடந்தன. ஓர் ஆறு தான் பிறந்த மலையின் பெயரைக் காதோடு சொல்லிவிட்டுப் போனது. விரல்கள் தம்பாட்டுக்கு வட்டங்களைக் கறுப்பாக்கிக்கொண்டிருந்தன.

நேரமாகிவிட்டது, பேனாவைக் கீழே வை என்றார் அப்பா.

விடைகளைச் சரிபார்த்துக் கூட்டினாள். கட்-ஆஃப் அவளுக்கு மனப்பாடம். மதிப்பெண் அதைத் தாண்டி நன்றாகவே மேலே போயிருந்தது.

சந்தோஷம் வரவில்லை. கோபம்தான் பற்றிக்கொண்டு வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

அப்பா, அசைவற்ற தன் வலது கையை இடது கையால் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“என்னம்மா, பாஸா?”

அவள் கூட்டலை உள்ளங்கையால் மூடினாள்.

“அன்னிக்குப் பரீட்சைக்குப் போயிருந்தாலும் ஃபெயில்தாம்பா. நல்லவேளை, உங்களத் தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தேன். பஸ் காசாவது மிச்சம்.”

அப்பா கடைசி மூட்டையை லாரியில் ஏற்றிவிட்டவர் போல முதுகை மெல்லச் சாய்த்தார். ஒரு வருடமாக இறுகிக் கிடந்த முகம் தளர்ந்தது.

பிறகு கண்ணை மூடியபடியே திட்டத் தொடங்கினார். இந்த லட்சணத்தில் படித்தால் இந்த வருடமும் கோட்டைதான் விடுவாய், பாஸாகிறவரை தினமும் இதே தாளை எழுது என்றார்.

சரிப்பா என்றாள்.