எலிக்கு ஒரு துண்டு

"இன்னொரு எலியையும் காணோம்! இதோட அஞ்சு!" பின்னல் ஊசிகளைப் பொத்தென்று போட்டாள் புருல்சுன்.

ஆண்டுக்கொரு விலங்கின் பெயர் வைக்கும் நாட்காட்டிப்படி, நாளை மறுநாள் பிறப்பது எலி ஆண்டு. கராகோலில் இருக்கும் தங்கை பிள்ளைகளுக்குப் புத்தாண்டுப் பரிசாக ஆளுக்கொரு கம்பளி எலி என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"பூனை இருக்கிற வீட்டுல எலி பின்னினா வேற என்ன ஆகும்?" என்று சிரித்தான் கணவன் எர்மெக்.

"கடிச்சுக் குதறியிருந்தா ஒரு நூலாவது கிடைக்கணுமே! வச்ச சாப்பாட்டையும் தொட மாட்டேங்குது. உடம்பு மட்டும் பூசணிக்காயாட்டம் ஊதுது."

பூனை பார்சிக் ஒன்றும் அறியாததுபோல் மீசையை நக்கிக்கொண்டது.

அழைப்பு மணி அடித்தது. கதவைத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பக்கத்து வீட்டு ஸைனப் அக்கா! அவள் காயப்போட்ட துணிமேல் புருல்சுன் பால்கனியிலிருந்து கம்பளத்தை உதறிய நாளிலிருந்து, மூன்று மாதமாகப் பேச்சே இல்லை. இப்போது அவள் கையில் ஒரு தட்டு நிறைய எண்ணெயில் பொரித்த போர்சோக் மாவுத்துண்டுகள்.

"என் கோபமெல்லாம் போச்சுடி. பால்கனி வழியா தினம் ஒரு எலியைப் பூனைகிட்ட குடுத்து அனுப்புறியே, இன்னும் முறைச்சிட்டிருந்தா நான் மனுஷியா? எங்க வீட்டுக்காரர் ஒண்ணைக் கார்லயே தொங்கவிட்டுட்டார்!"

எர்மெக்குக்குப் புரையேறியது. புருல்சுன் சட்டென்று சமாளித்தாள்.

"உங்களுக்கு இல்லாததாக்கா?"

"பரிசு கொண்டு வந்தவங்களை வெறுங்கையோட அனுப்பலாமா? அதான், எலிக்கு ஒரு துண்டுன்னு குதிரைக்கறி குடுத்துட்டு வரேன்."

எல்லோரும் பார்சிக்கைத் தேடினார்கள். அது பால்கனியில் தாவத் தயாராக நின்றது.

வாயில் எர்மெக்கின் காலுறை.