ரெண்டு பாரசைட்

"ஆமா சார்... ரெண்டு பாரசைட்டும் ரெண்டு பக்கமும் ஒட்டிக்கிட்டே இருக்கு, அதான் பிரச்னையே. கொஞ்சம் தள்ளி வச்சுட்டா எல்லாம் சரியாயிடும். இந்த வாரமே தள்ளி வச்சிடறேன் சார்."

பிஎச்.டி. செய்யும் மருமகள் சோபியா தன் புரொபசரிடம் போனில் பேசியது, ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த சவரியாரின் காதில் தெளிவாக விழுந்தது.

ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர் அவர். சூரமங்கலத்திலிருந்து அஸ்தம்பட்டியில் இருக்கும் மகன் வீட்டுக்கு, மனைவி இசபெல்லாவோடு குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது.

செல்போனில் அந்த வார்த்தைக்கு அர்த்தம் தேடினார். 'ஒட்டுண்ணி. பிற உயிரை அண்டி உண்டு வாழ்வது.'

நேராகச் சமையலறைக்குப் போனார்.

"உன் மருமக நம்மளை ஒட்டுண்ணிங்கறா! அதுவும் அவ புரொபசர்கிட்ட! தள்ளி வைக்கப் போறாளாம்!"

இசபெல்லா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அப்படியா சொன்னா?"

"பென்ஷன் வாங்கறவன் எப்படிடி ஒட்டுண்ணி ஆவான்? கெளம்பு. சூரமங்கலத்துலயே வாடகைக்கு ஒரு வீடு பார்த்துக்கலாம்."

"போலாங்க. ஆனா இப்பவே போனா அவ சொன்னது நிஜம்னு ஆயிடும். கொஞ்ச நாள் வேலை செஞ்சு காட்டுங்க. அப்புறம் தலை நிமிர்ந்து போலாம்."

சவரியாருக்கு அது நியாயமாகப் பட்டது.

மறுநாள் விடிந்ததும் பால் வாங்கப் போனார். துணி காயப்போட்டார். பாத்திரம் துலக்கினார். குக்கர் விசிலடித்தபோது கொடி காட்டிப் பழகிய கை தானாக மேலே எழுந்தது. வெங்காயம் உரிக்கையில் கண்ணில் வழிந்தது காரமா, வேதனையா என்று அவருக்கே விளங்கவில்லை.

சோபியா பதறினாள். "நீங்க எதுக்கு மாமா இதெல்லாம்?"

"நாங்க சும்மா உக்காந்து சாப்பிடறவங்க இல்லம்மா" என்றார் முறைப்பாக.

இசபெல்லா டி.வி. முன்னால் கால் நீட்டி உட்கார்ந்து, அவர் போட்ட காபியைக் குடித்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் சோபியா கையில் ஸ்வீட் பாக்ஸோடு ஓடி வந்தாள்.

"மாமா! என் ரிசர்ச் ஓகே ஆயிடுச்சு! எல்லாம் அந்த ரெண்டு பாரசைட்டால!"

சவரியாருக்குச் சுருக்கென்றது. "எங்களாலயா?"

"உங்களாலயா? இதோ, இதுங்களாலதான் மாமா." பையிலிருந்து பிஸ்கட் அளவில் ஒரு பச்சைத் தகட்டை எடுத்து நீட்டினாள். அதில் வரிசையாக மூன்று செம்புச் சதுரங்கள்.

"இது ஆண்டெனா. நடுவுல இருக்கறதுக்கு மட்டும்தான் கனெக்‌ஷன். பக்கத்துல இருக்கற ரெண்டுக்கும் ஒயரே கிடையாது. அதனால அதுக்குப் பேரு பாரசைட். ஆனா சரியான இடைவெளி விட்டு வச்சா, இதுங்க சும்மா பக்கத்துல இருந்தே சிக்னலை இன்னும் பலமா அனுப்ப வைக்கும். பேண்ட்விட்த்தும் கூடும். முதல்ல ரொம்ப ஒட்டி வச்சுட்டேன். தள்ளி வச்சதும் சரியாயிடுச்சு!"

சவரியார் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நெஞ்சில் இருந்த பாறாங்கல் உருண்டு போனது.

"அட, இதைத்தான் போன்ல சொன்னியாம்மா? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"அத்தைக்கு எல்லாம் தெரியுமே மாமா! நீங்க வந்த வாரமே இதைக் காட்டி விளக்கமா சொல்லிட்டேனே!"

சவரியார் மெதுவாக இசபெல்லா பக்கம் திரும்பினார்.

"அப்போ, அவ நம்மளைச் சொல்லலைன்னு உனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியுங்க."

"பின்ன ஏண்டி சொல்லலை?"

இசபெல்லா ஒரு ஜாங்கிரியை எடுத்து நிதானமாகக் கடித்தாள்.

"கல்யாணமான நாள்ல இருந்து உங்களைப் பார்த்து நான் சொல்ல நினைச்ச வார்த்தைங்க அது. எப்படியோ உங்க காதுல விழுந்துடுச்சு, நான் எதுக்கு அதைக் கெடுக்கணும்னு விட்டுட்டேன்."