ஜோடிப் பெட்டி

பழைய ஸ்பீக்கர் பெட்டி ஒன்றைக் கைக்குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவன் கடைக்குள் நுழைந்ததும், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பழுது பார்த்து முடித்த அவளுடைய பெட்டி மேசைமேல் இருந்தது. இரண்டும் ஒரே தேக்கு. ஒரே பழுப்புத் துணி. ஓரத்தில் ஒரே பித்தளைப் பட்டை.

கடை வைத்திருந்த பெண்ணை அந்தத் தெருவே ஸ்பீக்கர் அக்கா என்றுதான் கூப்பிடும். பழைய இரும்போடு எடைக்குப் போகவிருந்த பெட்டிகளைத் தேடிப் பிடித்து, ஒன்றின் காந்தத்தை இன்னொன்றின் காகிதக் கூம்போடு சேர்த்து, எப்படியாவது பேச வைத்துவிடுவாள்.

வந்தவன் யாரென்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அண்ணன்.

கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் பொடிப்பொடியாக உதிர்ந்துவிட்டது என்று தன் பெட்டியைக் கொண்டுவந்த அன்றே தங்கை எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள். அம்மா போன பிறகு வீட்டைப் பிரித்தார்கள். பாத்திரம், கட்டில், பீரோ என்று பிரித்துக்கொண்டே வந்து அப்பாவின் ஸ்பீக்கர்களில் முட்டி நின்றார்கள். விட்டுக்கொடுக்க ஆளில்லை. ஜோடிச் செருப்பில் ஆளுக்கொன்றை மாட்டிக்கொண்டு போகிற மாதிரி, இடது பெட்டி தங்கைக்கு, வலது பெட்டி அண்ணனுக்கு.

அதோடு பேச்சும் நின்றது.

"சத்தம் வரலைங்க," என்றான் அண்ணன். பிறகு, யாரும் கேட்காமலேயே, "இவ இருப்பான்னு எனக்குத் தெரியாது."

தங்கை சுவரில் தொங்கிய ஸ்க்ரூடிரைவர்களை விலைக்கு வாங்கப் போகிறவள் போலப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்கா அவன் பெட்டியின் பின்பலகையைக் கழற்றித் தலையை உள்ளே விட்டாள். சிறிது நேரம் தலையை வெளியே எடுக்கவில்லை.

"இது உடனே முடியாதுங்க. அதோட ரெண்டையும் சேர்த்து வச்சுக் கேட்டாத்தான் சரிபார்க்க முடியும். ரெண்டு பேருமே இருங்க."

கடையில் இருந்தது அந்த ஒரே பெஞ்சுதான். தங்கை ஒரு முனையில். அண்ணன் மறுமுனையில். நடுவில் ஒரு யானையைக் கட்டலாம்.

அக்கா ஸ்பீக்கரைப் பெட்டியிலிருந்து இறக்கினாள். கூம்பின் மடிப்புகளில் இருந்த தூசியைத் தூரிகையால் தட்டினாள். துரு ஏறாத திருகாணிகளுக்கும் எண்ணெய் தொட்டு வைத்தாள்.

"நடந்தா தூக்கிட்டு வந்த?" என்றாள் தங்கை, சுவரிடம்.

"பஸ்ல."

"முதுகு?"

"இருக்கு."

"பெல்ட் போடறதில்லையா?"

"போட்டா அரிக்குது."

"அரிச்சா, உள்ள பனியனைப் போட்டுட்டு மேல கட்டணும்."

அவன் தலையாட்டினான். பனியனைப் பற்றி உலகத்தில் யாரும் அவ்வளவு கவனமாகத் தலையாட்டியிருக்க மாட்டார்கள்.

அப்பா எந்தப் பாட்டை அதிகம் கேட்பார் என்று அக்கா விசாரித்தாள். இருவரும் ஒரே நேரத்தில் ஒரே பாட்டைச் சொன்னார்கள்.

அக்காவின் அலமாரியில் அந்த இசைத்தட்டு இருந்தது. பெட்டிகளை ஒன்றுக்கொன்று பக்கத்தில் வைத்து ஓடவிட்டாள்.

ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பதிவு அது. வாத்தியங்களை எல்லாம் ஒரு பெட்டிக்கும், குரலை மட்டும் இன்னொரு பெட்டிக்கும் பிரித்து அனுப்பியிருந்தார்கள். இத்தனை வருஷமாகத் தங்கை வீட்டில் வயலினும் தபலாவும் பாட ஆளில்லாமல் ஓடியிருக்கின்றன. அண்ணன் வீட்டில் பாடகி துணையில்லாமல் தனியாகப் பாடியிருக்கிறாள்.

இப்போது வயலின் எழுந்தது. குரல் அதன் தோளில் கை போட்டுக்கொண்டு நடந்தது.

தங்கை முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே கரகரத்தபோதும் யாரும் எழுந்திருக்கவில்லை.

போகும்போது மறுபடியும் சண்டை வந்தது.

"நீயே ரெண்டையும் வச்சுக்க."

"எனக்கு எதுக்கு? நீ எடுத்துட்டுப் போண்ணா."

குரல்கள் தெருவரை போய்த் திரும்பின. கடைசியில் பெட்டிகள் தங்கை வீட்டுக்கு என்று முடிவானது. அண்ணன் அவற்றை வண்டியில் ஏற்றிவிட்டு, "இவளுக்கு ஒயர் மாட்டத் தெரியாதுங்க, பிளஸ் மைனஸை மாத்திடுவா," என்று ஓட்டுநரிடம் சொல்லிக்கொண்டே தானும் ஏறிக்கொண்டான்.

அக்கா மேசையைத் துடைக்கத் தொடங்கினாள்.

காலையில் கடைக்கு ஒரு போன் வந்திருந்தது. கடை முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் தேக்குப் பெட்டியை எடுத்துப்போக அதன் சொந்தக்காரர் எப்போது வருவார் என்று ஒரு குரல் கேட்டது. யாரோ அவரிடம் அதை விலைக்குக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்து, சாயங்காலம் என்று சொல்லி வைத்தாள். "சத்தம் வரலைங்க" என்று அண்ணன் வாயைத் திறந்ததுமே அதே குரல் என்று பிடிபட்டுவிட்டது.

அவன் பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. உள்ளே ஒரு ஒயரை மட்டும் கழற்றி, அது எதிலும் பட்டுக் கெட்டுவிடக் கூடாதே என்று, நுனியில் புத்தம் புதிய கறுப்பு டேப்பைப் பதமாகச் சுற்றியிருந்தான். டேப்பை உரித்து ஒயரை மாட்ட ஒரு நொடி போதும்.

வாசலில் நிழல் விழுந்தது. தங்கை.

"கைப்பையை மறந்துட்டேன்," என்றாள். கைப்பை அவள் தோளில் தொங்கிக்கொண்டிருந்தது.

மேசைமேல் கிடந்த டேப் துண்டை எடுத்தாள். விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்துவிட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

பிறகு, வெளியே காத்து நின்ற வண்டிக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"இன்னும் கொஞ்ச நேரம் எடுத்திருக்கலாமேக்கா."