அனுப்பியவர் பெயர்

"நோட்டைக் காட்டு ஷைனி."

ஷைனி காட்டினாள். பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.

"மூணு நாள் டைம் குடுத்தேனே, என்ன பண்ணே?"

"எங்க ஊட்டு போனுக்குப் பொய்ச் செய்தி எதுவும் வரல மிஸ்."

ஒன்பதாம் வகுப்பே சிரித்தது. சந்திரகலா டீச்சருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கும்மிடிப்பூண்டியில இருக்கிற எல்லா போனுக்கும் வருது. உங்க வீட்டு போனுக்கு மட்டும் சுத்துச் சுவர் கட்டியிருக்கா?"

ஷைனி தலையைக் குனிந்துகொண்டாள்.

டீச்சரின் கோபத்தில் நியாயம் இருந்தது. 'பார்த்ததும் நம்பாதே' என்று திருவள்ளூரில் மாவட்ட அளவில் போட்டி. பள்ளிக்கு ஒரு பிள்ளைதான் போகலாம். முதல் பரிசு லேப்டாப். போனில் வந்த ஒரு பொய்ச் செய்தியைப் பிடித்து ஐந்து கட்டங்களை நிரப்ப வேண்டும். செய்தி என்ன, எப்போது வந்தது, உண்மையா பொய்யா, எப்படிக் கண்டுபிடித்தாய், அனுப்பியவர் யார்? ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.

ஷைனிதான் போவாள், ஜெயித்தும் வருவாள் என்று ஸ்டாஃப் ரூமில் சந்திரகலா மார்தட்டி வைத்திருந்தாள். இந்த வகுப்புக்காக அவள் செய்வது கொஞ்சமா? பெற்றோர் வாட்ஸ்அப் குழுவுக்குக் காலையில் நாலு நல்ல விஷயம் அனுப்பாமல் அவளுக்குக் காபிகூட இறங்காது.

"பொய்யை அனுப்பினவங்க பேரைத் தைரியமாச் சொல்லணும். அதுக்குத்தான் இந்தப் படிப்பு. நீ உட்காரு."

பட்டியலில் ஷைனியின் பெயரை அடித்துவிட்டு வசந்தகுமார் என்று எழுதினாள். 'நாளை முதல் வாட்ஸ்அப்புக்குக் கட்டணம்' என்ற புரளியை அவன் பிடித்திருந்தான். அனுப்பிய சித்தப்பாவின் பெயரை இனிஷியலோடு போட்டிருந்தான்.

மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் ஷைனியின் அம்மா முத்தம்மா வந்து நின்றாள். சேலைமேல் போட்டிருந்த கம்பெனி கோட்டைக்கூடக் கழற்றவில்லை.

"ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கினு வந்தேன் டீச்சர். காலைல ஊடு பெருக்கறப்ப இது கட்டிலுக்கு அடியில கெடந்துச்சு."

முந்தானையில் முடிந்து வைத்திருந்ததை எடுத்தாள். நாலாகக் கிழித்த நோட்டுப் பக்கம்.

"மூணு நாளா சோறு தண்ணி இல்லாம எய்திக்கினு இருந்தா டீச்சர். நல்லாத்தான் எய்திக்கிறா. ஏன் கிழிச்சான்னுதான் புரியல. நாலு மணிக்குள்ள பேரு அனுப்பணுமாமே?"

சந்திரகலா துண்டுகளை மேஜைமேல் பொருத்திவைத்துப் படித்தாள்.

'செய்தி: மணவாள நகரில் ரகு என்ற சிறுவனைக் காணவில்லை. வயது ஐந்து. பார்த்தவர்கள் கீழே உள்ள எண்ணுக்குச் சொல்லவும். பகிருங்கள்.

வந்தது: ஞாயிறு காலை ஆறு மணி.

உண்மையா: இரண்டு வருஷத்துக்கு முன்னால் உண்மை. இப்போது பொய்.

கண்டுபிடித்தது: அந்த நம்பருக்கு போன் செய்தேன். ரகுவின் அப்பா பேசினார். காணாமல் போன அன்றைக்கே சாயங்காலம் ரகு கிடைத்துவிட்டான். இப்போது இரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஆனால் இன்னும் தினமும் யாராவது போன் செய்கிறார்களாம். மணி அடித்தாலே ரகுவின் அம்மா, பையன் எங்கே என்று தேடிக்கொண்டு ஓடுகிறாராம்.'

கடைசிக் கட்டத்தில் பெயர் இல்லை. 'அனுப்பியவர்: ஒரு பிள்ளை வீடு வந்து சேரட்டும் என்று நினைத்தவர்' என்று மட்டும் இருந்தது.

சந்திரகலா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு தன் போனில் பெற்றோர் குழுவைத் திறந்து, தான் அனுப்பியவற்றை ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தள்ளிக்கொண்டே போனாள். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"இன்னா டீச்சர், தப்பா எய்திட்டாளா?"

"இல்லம்மா. எனக்கே இவ்வளவு நல்லா எழுத வராது."

"அந்தப் பேரை எய்தாம வுட்டுட்டியேன்னு நானும் கேட்டேன். 'அவங்க ரொம்ப நல்லவங்கம்மா, அத்தினி பேரு எதிர்ல அவங்களைத் தலைகுனிய வைக்க மாட்டேன்'னு சொல்லிட்டு ஸ்கூலுக்குக் கெளம்பிட்டா."

காலையில் அதே ஷைனியைத்தான் வகுப்பு முழுக்கப் பார்க்கச் சந்திரகலா தலைகுனிய வைத்திருந்தாள்.

ஷைனியைக் கூப்பிட்டனுப்பினாள். மேஜைமேல் கிடந்த துண்டுகளைப் பார்த்ததும் ஷைனி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வசந்தகுமாரே போகட்டும் மிஸ்."

"வசந்தகுமார்கிட்ட நான் பேசிக்கறேன். உள்ள வா."

டீச்சர் துண்டுகளைப் போட்டி விண்ணப்பத்தில் வரிசையாக ஒட்டினாள். பேனாவைத் திறந்து கடைசிக் கட்டத்துக்குக் கொண்டுபோனாள்.

"அந்தக் கட்டத்தை மட்டும் அப்படியே வுட்டுடுங்க மிஸ்."

"பேர் இல்லாட்டி எடுத்துக்க மாட்டாங்க."

"திருவள்ளூர்ல எல்லாரும் படிப்பாங்க மிஸ்."

"படிக்கட்டும்."

ஷைனி எழுதியிருந்ததை அடிக்காமல், டீச்சர் அதற்குக் கீழேயே எழுதினாள். வசந்தகுமாரின் சித்தப்பாவைப் போலவே இனிஷியலோடு, 'ஆர். சந்திரகலா, வகுப்பாசிரியை.'