நாலு செக்கன்

"இந்த மெஷின் என்ன, நிறை மாசமா? இப்பிடி மூச்சு வாங்குது!"

மங்கையற்கரசி மேசையில் ஓங்கித் தட்டினாள்.

"ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் நாலு செக்கன் நிக்குது செபஸ்தியன். ஒரு ஆளுக்கு இருபது கட்டம் நிரப்பி, ஒவ்வொண்ணா சேவ் பண்ணணும். வெளியில வரிசையைப் பாத்தீங்களா?"

மாத்தளை டவுனில் ஒரு சின்ன அலுவலகம் அது. பிறப்புப் பதிவு இல்லாத தோட்டத்து ஆட்களின் விவரம் திரட்டி, அடையாள அட்டைக்கு வழி செய்து கொடுக்கிற இடம். யுத்தம் நடந்த 2008இல் அட்டை இல்லாமல் பஸ் ஏறினவன் வீடு திரும்புவது கடவுள் விட்ட வழி. அதனால்தான் அவ்வளவு கூட்டம். மங்கையற்கரசிதான் பொறுப்பாளர்.

போன கிழமை லினக்ஸ் சேர்வர் ஒன்று புதிதாக வந்திறங்கியது. டேட்டாபேஸை அதில் ஏற்றி அமைத்துக் கொடுத்தவன் செபஸ்தியன், எல்கடுவ தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், வளர்ந்த பிள்ளை.

"வேகமாக்கலாம் மிஸ்." கறுப்புத் திரையில் ஒரு ஃபைலைத் திறந்து காட்டினான். "இந்த வரியில 'ஒன்'னு இருக்கிறதை 'ஓஃப்'னு மாத்தினாப் பறக்கும். ஆனா செய்யக்கூடாது. இப்ப டிஸ்க்கில எழுதி முடிச்ச பிறகுதான் 'சரி'ங்குது. ஓஃப் பண்ணினா எழுத முன்னமே 'சரி'ன்னு சொல்லிரும். அந்த நேரம் கரண்ட் போனா அம்புட்டும் போச்சு. யூபிஎஸ் பெட்டரியும் செத்துக் கிடக்கு."

"அதுக்காக இந்தச் சனம் வெயில்ல காயணுமா?"

"நாலு செக்கன்தானே மிஸ்."

நாலு செக்கன்தானாம்! சொல்லிவிட்டு அவன் கேட்டடிக்குப் போய், வரிசையில் நின்றவர்களோடு கதை அளக்க ஆரம்பித்துவிட்டான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வியாழக்கிழமை அவன் கலேவெல கிளைக்குப் போயிருந்தான். பத்து மணிக்கே வரிசை ரோட்டைத் தொட்டுவிட்டது. முன்னால் நின்றவள் கமலாட்சி. புருஷன் கணபதி கொழும்பில் கடை வேலை. அட்டை இல்லையென்று பொலிஸ் பிடித்து வைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் இங்கிருந்து பதிவுக் கடிதம் கொண்டுபோய்க் காட்டினால்தான் விடுவார்கள்.

"முந்தாநாளும் வந்து நின்னுட்டுத் திரும்பிப் போனேன் மிஸ். ரெண்டு நாள் கூலி போச்சு. நாளைக்கும் வரச் சொல்லிராதீங்க."

மங்கையற்கரசிக்கு மனசு பொறுக்கவில்லை. பொறுப்பாளர் என்பதால் பாஸ்வேர்ட் அவளிடமும் இருந்தது. அவன் காட்டிய அதே ஃபைல், அதே வரி. 'ஒன்'னை 'ஓஃப்' ஆக்கி, சேர்வரை ஒருதரம் நிறுத்தி மறுபடி போட்டாள்.

அடேயப்பா! என்ன ஓட்டம்! பின்னேரம் மூன்று மணிக்குள் நாற்பத்தேழு பேர். கடிதம் நாளைக்குத் தோட்டத்துக்கே வந்து சேரும் என்றதும் கமலாட்சி கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.

திரும்பி வந்தபோது டேட்டாபேஸ் எழும்பவில்லை. தகவல் போனதும் செபஸ்தியன் பஸ் பிடித்து ஓடி வந்தான். திரையைப் பார்த்தான். அந்த வரியைப் பார்த்தான். அவளையும் ஒருதரம் பார்த்தான். புதன்கிழமை எடுத்து வைத்த பிரதியை ஏற்றினான். அதுவரைக்கும் பதிந்ததெல்லாம் வந்தது. அன்றைய நாற்பத்தேழு பேர் மட்டும் இல்லை.

"ஐயோ, அந்தப் பொம்பளையோட புருஷன்!" மங்கையற்கரசி கமலாட்சியின் பெயரைத் திரையில் தேடினாள்.

"கேட் புத்தகம் இருக்கு மிஸ்," என்றான் செபஸ்தியன். உள்ளே வருகிற ஒவ்வொருவரின் பெயரையும் தோட்டத்தையும் பாதுகாப்புக்காக வாட்ச்சர் எழுதி வைக்கிற புத்தகம் அது.

அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டவன்தான். வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் தோட்டம் தோட்டமாக மலை ஏறினான். கொட்டுகிற மழை. இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் நிறுத்தி வைத்து, "இவ்வளவு ஆட்களின் பெயரை எதற்கு எழுதி வைத்திருக்கிறாய்?" என்று குடைந்தார்கள். அதற்கும் பொறுமையாகப் பதில் சொல்லிவிட்டு, லயத்துக் கதவுகளைத் தட்டி, "எங்க பிழை, மன்னிச்சுக்குங்க. திரும்ப ஒருக்கா விவரம் சொல்லுங்க" என்று கேட்டு எழுதினான். ஒருத்தரையும் மறுபடி டவுனுக்கு இறங்க வைக்கவில்லை.

சனிக்கிழமையே கமலாட்சியின் கடிதம் அவள் கையில் கிடைத்தது. ஞாயிறு பின்னேரம் நாற்பத்தேழாவது ஆளையும் பதிந்து முடித்தான். சப்பாத்தைக் கழற்றியபோது பாதம் இரண்டும் கொப்புளம். இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா என்று மங்கையற்கரசிக்குக் கண் கலங்கியது. இவனையா சும்மா கதை அளக்கிறவன் என்று நினைத்தோம் என்று வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை காலை கொழும்பிலிருந்து பணிப்பாளர் தியாகராஜா போன் எடுத்தார்.

"மிஸ், வியாழக்கிழமை நடந்ததை விசாரிக்கிறம். இதுக்குக் காரணமான ஆளை நாங்கள் வேலையில வச்சிருக்க ஏலாது. அந்த வரியை மாத்தினது ஆர்?"

அவளுக்கு வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு. சம்பளம் அவளுடையது ஒன்றுதான். அடுத்த அறையில் செபஸ்தியன் கால் இரண்டையும் நாற்காலியில் தூக்கிப் போட்டபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தான். எழுந்து போய்க் கதவை மெல்லச் சாத்தினாள்.

"செபஸ்தியன்தான் சேர்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு.

"ஓம் மிஸ். அவரும் தான்தான் எண்டு சொன்னவர்."