ஆறாவது கை

சஹனை மூடியிருந்த துணியின் மேல் ஜவாஹிர் கையை வைத்தார். எடுக்க மனம் வரவில்லை.

பாயில் அவரையும் சேர்த்து ஐந்து பேர்தான்.

ஒரே பெரிய தட்டு, நடுவில் குவித்த புரியாணி, அதன் மேல் பொரித்த முழுக்கோழி, சுற்றி ஆறு பேர். அதுதான் சஹன். ஐந்து பேரோடு திறந்தால் உக்குவளை ஊரில் யாரும் போலீசுக்கு ஓடப்போவதில்லை. ஆனாலும் ஜவாஹிர் வீட்டு விருந்தில் அப்படியொரு குறை நடந்ததே கிடையாது.

உலகத்திலிருந்து போரையே ஒழித்துவிட வேண்டும் என்று எங்கெங்கோ இருந்தெல்லாம் ஆட்கள் மாத்தளையில் கூடியிருந்தார்கள். பெரிய மாநாடு. இன்று பகல் சாப்பாடு மட்டும் ஊரார் வீடுகளில். இந்த வீட்டுக்கு ஐந்து பேர், ஆறாவது ஆள் வீட்டுக்காரர் என்று ஏற்பாடு. வந்த இடத்தில் ஒருவருக்கு வயிற்று வலியாம், வந்த வான் வண்டியிலேயே படுத்துவிட்டாராம். கூட்டி வந்த அருந்ததி மிஸ் வாசலிலேயே சொல்லிவிட்டார்.

பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிடலாமே என்பீர்கள்.

பக்கத்து வீட்டு ஆள் பஸீர். ஜவாஹிரின் மனைவி ஹமீமாவுக்குக் கூடப்பிறந்த நானா, மூத்த அண்ணன். மச்சான்மார் இரண்டு பேருக்கும் நான்கு வருடமாகப் பேச்சில்லை.

காரணம் ஒரு மிளகுக் கொடி. அது ஜவாஹிரின் மண்ணில் வேர் விட்டு, வேலி தாண்டி, பஸீரின் கமுகு மரத்தில் ஏறிவிட்டது. காய்த்த மிளகு வேருக்குச் சொந்தமா, மரத்துக்குச் சொந்தமா? பள்ளிவாசலில் பேசினார்கள், கிராம சேவகர் வந்து பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. கொடி மட்டும் யாரையும் கேட்காமல் காய்த்துக்கொண்டே இருந்தது.

அடுத்த மாதம் மகள் றுஸ்னாவுக்கு நிக்காஹ். தாய்மாமா இல்லாமல் ஒரு நிக்காஹா என்று ஹமீமா ராத்திரியெல்லாம் அழுகிறாள். ஜவாஹிருக்கும் பஸீர் வரவேண்டும் என்று ஆசைதான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் முதலில் வாய் திறப்பது யார்? அவர் திறக்கட்டும் என்று இவரும், இவர் திறக்கட்டும் என்று அவரும் இருந்தால் விளங்கினாற்போலத்தான்.

இதெல்லாம் அருந்ததி மிஸ்ஸுக்கு எங்கே தெரியப்போகிறது? நேராக வேலியடிக்குப் போனார்.

"அங்கிள், சஹனுக்கு ஒராள் குறையுது. வெளிநாட்டு ஆக்கள் பசியில இருக்கினம், கெதியா வாங்கோ!"

பசித்தவர்களைக் காக்க வைக்கலாமா? பஸீர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார். ஜவாஹிருக்கு நேர் எதிரே இருந்த இடத்தில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்தார்.

துணி விலகியது. பிஸ்மி சொல்லிக் கை வைத்தார்கள்.

வீட்டுக்காரன் கோழியைப் பிய்த்து எல்லோர் பக்கமும் தள்ள வேண்டும். எதிரி என்று ஒருவனை விட்டுவிட்டால் அது மனிசத்தனமா? ஜவாஹிர் பல்லைக் கடித்துக்கொண்டு, நெஞ்சுத் துண்டை பஸீர் பக்கம் தள்ளினார்.

பஸீர் அதைத் திருப்பித் தள்ளினார். தான் மூத்தவன் அல்லவா, நல்ல துண்டைத் தானே எடுத்துத் தின்றால் மரியாதை என்னாவது?

ஜவாஹிர் விடவில்லை. பஸீரும் விடவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவுமில்லை. துண்டு போய்வந்து போய்வந்து சோற்றில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. விருந்தாளிகள் நான்கு பேரும் சாப்பாட்டை மறந்து, பந்து விளையாட்டுப் பார்ப்பதுபோல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்கள். ஒருவர் ஃபோனில் படமே பிடித்தார்.

துண்டு நடுவழியில் நின்ற நேரம் பார்த்து, தாடி வைத்த சிலி நாட்டுக்காரர் அதை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பாவம், அவருக்குப் பசி.

"அல்லாஹ்வே, போச்சே மச்சான்!" என்று கத்திவிட்டார் பஸீர்.

கத்திய பிறகுதான் அவருக்கே தெரிந்தது. முகத்தில் ஈயாடவில்லை.

ஜவாஹிர் ஜெயித்துவிட்டார். சந்தோஷமாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்த 'மச்சான்' காதில் விழுந்ததும் அவருக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. சீ, இதற்கா இத்தனை வருடம் என்று தன் மேலேயே கோபம் வந்தது.

"போனாப் போகட்டும் மச்சான். றுஸ்னாட நிக்காஹ்ல ஒங்க முன்னுக்கு முழுக்கோழி வைக்கிறேன்."

பஸீர் குனிந்து சோற்றைப் பிசைந்தார். "மாமா இல்லாம என்ன நிக்காஹ்?" என்று சோற்றிடமே சொன்னார்.

இன்னொரு கோழி எடுத்துவர ஜவாஹிர் அடுப்படிக்கு ஓடினார். வயசை மறந்த ஓட்டம்.

அங்கே வயிற்று வலிக்காரர் கோழிக்காலைக் கடித்துக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த தட்டில் பாதி காலி. அருந்ததி மிஸ் அவருக்கு அச்சாறு வைத்துக்கொண்டிருந்தார். ஹமீமா ஜவாஹிரைக் கண்டதும் சிரிப்பை அடக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கண்ணெல்லாம் நீர்.

ஜவாஹிருக்கு எல்லாம் விளங்கியது. அடிப்பாவி என்று சொல்ல வாயெடுத்தவர், மூலையில் நின்றவளைக் கண்டார்.

பஸீரின் மனைவி நப்லா சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கும் இனிப்பான வட்டலப்பத்தை வெட்டிக்கொண்டிருந்தாள். கரண்டி வேண்டியிருந்தது. திரும்பிப் பார்க்காமலே பின்னால் கையை நீட்டி, மேல் தட்டிலிருந்த டின்னிலிருந்து ஒன்றை உருவினாள். கரண்டிகள் அங்கே இருப்பது ஜவாஹிருக்கே தெரியாது.

அவரைக் கண்டதும் அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"நானா, என்னயக் கண்டதா அவருக்கிட்ட சொல்லிறாதீங்க. நாலு வருஷமா நான் இந்த வீட்டுப் படி மிதிக்கல்லன்னுதான் அந்த மனுசன் நெனச்சிட்டு இரிக்காரு."