தாளில் இல்லாத வாக்கியம்

ஸ்ரீராம்புரத்தின் ஒன்பதாவது சந்தில் ஆட்டோ திரும்பியதும் யூஜின் மைக்கை அணைத்தான்.

சாவு விழுந்த வீட்டைக் கடக்கும்போது மைக்கை அணைப்பது பிரசார ஆட்டோக்களின் வழக்கம். ஆளுங்கட்சி ஆட்டோவும் அதற்கு விலக்கன்று.

அன்றுதான் வேலைக்கு வந்திருந்த ஓட்டுநர் நாகேஷ் இருபுறமும் பார்த்தான். பந்தல் இல்லை, வாசலில் நாற்காலிகள் இல்லை. குழாயடியில் பெண்கள் குடங்களுடன் வரிசையில் நின்றார்கள்.

“சாவு வீடு ஒண்ணும் காணோமே குரு. அந்தத் தாய்ப்பால எடுத்து விடு, எவ்ளோ லேடீஸ் நிக்கிறாங்க பாரு.”

கட்சி அலுவலகம் கன்னடத்தில் தரும் தாளைப் பார்த்து, ஓடும் வண்டியிலேயே தமிழில் சொல்வது யூஜினின் வேலை. இந்தக் குழாயைத் திறந்த நாளில் தாளில் இருந்தது ஒரே வரி: இது உங்கள் அரசு தந்த குடிநீர். அவனுக்கு அது சப்பென்றிருந்தது.

‘தாய்மார்களே, இது தண்ணீர் அல்ல, உங்கள் அரசு ஊட்டும் தாய்ப்பால்’ என்றான்.

இதே பெண்கள் அன்று கைதட்டினார்கள். மறுவாரம் அந்த வரி சுவர்களில் ஏறியது. வேட்பாளர் அதைத் தம்முடையதாகவே பேசத் தொடங்கினார்.

கைதட்டியவர்கள் இப்போது பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். வரிசையில் ஜோசபின் மட்டும் நிமிரவில்லை.

பின்னால் வந்த வேட்பாளரின் ஜீப் இருமுறை ஹாரன் அடித்தது.

யூஜின் மைக்கைப் போட்டான்.

“தண்ணிய காய்ச்சிக் குடிங்க.”

சற்று நிறுத்தி, அதையே மறுபடியும் சொன்னான்.

“அது பேப்பர்ல இல்லியே குரு,” என்று நாகேஷ் சிரித்தான். வேறு எவரும் சிரிக்கவில்லை.

ஜோசபின் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். இப்போதெல்லாம் அவளுக்கு ஒரு குடம் போதும்.

ஜெனிஃபரை அடக்கம் செய்து அன்றோடு இருபத்தெட்டு நாள்.

வாந்தியும் பேதியுமாகக் கிடந்த எட்டு வயதுக் குழந்தையை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகையில், ஜோசபின் ஒன்றைத்தான் கேட்டாள்: காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் வீட்டில் இருக்க, குழாயில் ஏன் குடித்தாய்?

ஜெனிஃபர் தாயை வியப்போடு பார்த்தாள்.

“அப்பாதானே மைக்ல தாய்ப்பால்னு சொன்னாரு. அத யாராச்சும் காய்ச்சுவாங்களாம்மா?”